எரியுதுல்ல… விடுங்க!

பி.காம். படித்தவனால் ஊருக்கு இரண்டே இரண்டு உபயோகம்தான். ஒன்று, வருமான வரி பற்றி இலவச ஆலோசனை. இரண்டு, எந்தக் கமிட்டி போட்டாலும் பொருளாளர். முதல் விஷயம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவதிலிருந்து தப்பிக்க சுத்தமாகத் தெரியாது.

2012 மே மாதம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் ஸ்கூல் கிரவுண்டில் 'மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி'. இதில் மாபெரும் என்ற வார்த்தை, நோட்டீஸ் அடித்த பிரஸ்காரர் தன் செலவில் சேர்த்துக் கொடுத்தது. மின்னொளி என்றால் நாலு கம்பம், கம்பத்துக்கு இரண்டு ஃபோகஸ் லைட், ஒவ்வொன்றிலும் 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்பு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரன்ட் இருந்த நேரம் இன்ப அதிர்ச்சி, இல்லாத நேரம்தான் வழக்கம். ஆகவே ஜெனரேட்டர். வாடகை என் நோட்டில்.

சனிக்கிழமை ராத்திரி ஏழு மணி. முதல் அரையிறுதி. எதிர் டீமின் ஸ்மாஷை எங்கள் ஆள் ஒருவன் கையை நீட்டித் தடுக்க, பந்து எகிறி நேராகக் கம்பத்து லைட்டில் 'டொப்'. அந்த ஃபோகஸ் லைட்டின் முன்பக்கக் கண்ணாடி போன வருஷப் போட்டியிலேயே மோட்சம் அடைந்துவிட்டது. இப்போது பல்பின் கண்ணாடியும் சில்லுச் சில்லாக மண்ணில் கொட்டியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஆச்சரியம்! பல்பு அணையவில்லை. முன்பைவிடப் பளீரென்று எரிகிற மாதிரிகூட இருந்தது.

"வெளிக்கண்ணாடி மட்டுந்தாண்ணே போயிருக்கு. உள்ள சும்மா ஜம்முனு எரியுது" என்றான் ஜெனரேட்டர் பையன்.

"மாத்திரலாமா?" என்றார் ஒருவர்.

"புதுசு ஆயிரத்துச் சொச்சம் ஆகும். டவுனுக்குத்தான் போகணும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் பொருளாளரைப் பார்த்தார்கள். பொருளாளர் நோட்டைப் பார்த்தார். கையிருப்பு 640 ரூபாய். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே படு முட்டாள்தனமான வாக்கியத்தை அப்போதுதான் சொன்னேன்.

"எரியுதுல்ல… விடுங்க!"

அந்தக் கம்பத்துக்கு நேர் கீழேதான் ஸ்கோர் டேபிள். அங்கே நானும், எங்கள் டீமின் செட்டர் பையனும். அவனுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலியில் பேங்க் எக்ஸாம். "விளையாடி விரலை முறிச்சுக்காதே தம்பி. பேசாம என் பக்கத்துல உக்காந்து ஸ்கோர் போர்டைத் திருப்பு" என்று அன்போடு அறிவுரை சொல்லி உட்கார வைத்ததும் சாட்சாத் நான்தான். பத்தரை மணிக்கு ஆட்டம் முடிகிற வரை அந்த வெளிச்சத்திலேயே இருந்தோம்.

விடிகாலை இரண்டு மணிக்கு விழித்தேன். விழித்தேன் என்பது தப்பு. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இரண்டு கண்ணிலும் யாரோ ஒரு பிடி மணலையும் ஒரு ஸ்பூன் மிளகாய்ப் பொடியையும் கலந்து போட்ட மாதிரி. தண்ணீர் தாரை தாரையாய்க் கொட்டுகிறது. பாட்டி விளக்கெண்ணெய் என்றாள். பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணேறு என்றாள். கண் விஷயம் என்பதால் இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தது.

காலையில் அம்மா என் கையைப் பிடித்து, ஒண்ணாங்கிளாஸில் சேர்க்கப் போவது போல, டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் இமையைப் பிரித்து சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்.

"வெல்டிங் பட்டறையில வேலையா?"

"இல்ல டாக்டர். பி.காம்."

"பக்கத்துல நின்னு வெல்டிங் பாத்தீங்களா?"

"வாலிபால்தான் டாக்டர் பார்த்தேன்."

அவர் என்ன முகபாவம் காட்டினார் என்று தெரியவில்லை. என்னால் பார்க்க முடியவில்லையே. ஆனால் வெளியே பெஞ்சில் கண்ணில் துண்டைப் பொத்திக்கொண்டு இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்ததும் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "புற ஊதாக் கதிர். கருவிழி மேலே இருக்கிற மெல்லிய தோலைச் சுட்டிருக்கு. படும்போது தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் வலிக்கும். வெல்டிங்காரங்களுக்கு வர்றது. ரெண்டு நாள்ல ஆறிடும். எண்ணெய் கிண்ணெய் எதையும் ஊத்தாதீங்க."

ஆறிடும்தான். ஆறியது. ஆனால் அந்த ஒன்பது பேரில் செட்டர் பையனும் ஒருவன். ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்க, பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மணி ஒன்பது ஆனது என்பதை நாங்கள் இருவரும் சர்ச் மணியை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காவல்காரனும் சிங்கமும்

அடுத்த வாரம் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்தார். போட்டி நடந்த அன்று வெளியூர்க் கல்யாணத்துக்கு சீரியல் செட் கட்டப் போயிருந்தவர். உடைந்த பல்பையும், ஆயுள் முடிந்த ஒரு முழுப் பல்பையும் மேஜை மேல் வைத்தார்.

"தம்பி, இது எத்தனை பல்பு?"

"ஒண்ணு."

"ரெண்டுவே! நல்லாப் பாரும்."

பார்த்தேன். பெரிய கண்ணாடிக் குடுவை. அதற்குள்ளே கம்பியில் தொங்குகிற, கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிய, இரண்டு முனையும் சப்பையாக நசுக்கப்பட்ட ஒரு குட்டிக் குழாய். முனைகளில் வெள்ளைப் பூச்சு.

"இந்தக் குட்டிதான் எரியுது. ஆர்க் டியூப். வெளிய இருக்கது காவக்காரன். நீரு காவக்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு, சிங்கத்துக்கு முன்னால உக்காந்து ஸ்கோர் எழுதியிருக்கீரு."

அன்றிலிருந்து அந்தக் குட்டிக் குழாயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பி.காமுக்கு இவ்வளவு படித்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பேன். குற்ற உணர்ச்சி மாதிரி நல்ல வாத்தியார் கிடையாது.

பச்சை முகத்துக்கு வைத்தியம்

முதலில் பாதரச விளக்கு. பழைய தெருவிளக்குகளில் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நின்றால் கல்யாண மாப்பிள்ளைகூட மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி பச்சையும் நீலமுமாகத் தெரிவார். காரணம், பாதரச ஆவி நீலம், பச்சை, மஞ்சள் என்று சில நிறங்களை மட்டும்தான் உமிழும். சிவப்பு ரொம்பக் கம்மி. விளக்கில் இல்லாத நிறம் முகத்தில் எப்படித் தெரியும்?

இதற்கு வைத்தியம் சொன்னவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். ஜெர்மனியிலிருந்து 1889-ல் அமெரிக்கா போனவர். நாலடி சொச்சம் உயரம், கூன் முதுகு, வாயில் சுருட்டு. ஏ.சி. மின்சாரக் கணக்குகளை இன்ஜினீயர்களுக்குப் புரிகிற மாதிரி போட்டுக் கொடுத்த மேதை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை. பாதரசத்தோடு வேறு உலோகங்களின் உப்புகளையும் சேர்த்தால் விடுபட்ட நிறங்கள் வந்துவிடுமே என்று யோசித்து, 1912-ல் காப்புரிமை வாங்கினார். ஐடியா பிரமாதம். ஆனால் அதைத் தாங்கும் குழாய் அந்தக் காலத்தில் அமையவில்லை. ஐம்பது வருஷம் ஃபைல் தூங்கியது. (நம்மூர் ஃபைல்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்.) 1960-களின் துவக்கத்தில் அதே கம்பெனியின் கில்பர்ட் ரைலிங் என்ற விஞ்ஞானிதான் ஓடுகிற விளக்காகச் செய்து காட்டினார். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் எரிந்தது.

உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அயோடினோடு சேர்ந்த உலோகங்கள். சோடியம் அயோடைடு போட்டால் மஞ்சள் ஆரஞ்சு. தாலியம் என்றால் பச்சை. இண்டியம் என்றால் நீலம். ஸ்கேண்டியம், டிஸ்ப்ரோசியம் போன்றவை ஏகப்பட்ட நிறங்களைக் கொட்டும். சாம்பார்ப் பொடி மாதிரிதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைப்பக்குவம்.

ஏன் உலோகத்தை அப்படியே போடாமல் அயோடினோடு ஜோடி சேர்க்கிறார்கள்? தனி சோடியம், சூடான குவார்ட்ஸ் குழாயை அரித்துத் தின்றுவிடும். வேறு சில உலோகங்களோ லேசில் ஆவியாகாது. அயோடினோடு கூட்டணி வைத்தால் இரண்டு பிரச்னையும் தீரும். கூட்டணி சுலபமாக ஆவியாகிக் குழாயின் நடுவே போகும். அங்கே உள்ள சூட்டில் பிரிந்துவிடும். தனித்து நிற்கும் உலோகம் தன் நிறத்தைக் காட்டும். சூடு குறைந்த சுவர்ப்பக்கம் ஒதுங்கியதும் இரண்டும் மறுபடி கை கோத்துக்கொள்ளும். சூடு ஏறினால் பிரிவு, தணிந்தால் உறவு. இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கும். நமக்கு இது புதிதில்லை.

ஆமை வேக குமாஸ்தா

இப்போதுதான் டிசைன் தலைவலி ஆரம்பம்.

குழாயின் அச்சில் எரியும் ஆர்க்கின் மையத்தில் சுமார் 5,000 டிகிரிக்கு மேல் சூடு. சூரியனின் மேற்பரப்பே ஏறக்குறைய 5,500 டிகிரிதான். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குழாயின் சுவர். அது 900, 1,000 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குவார்ட்ஸ் வெளுத்து, மங்கி, பலவீனமாகும். உள்ளே காற்றழுத்தமோ நாம் சுவாசிப்பதைப் போலப் பல மடங்கு. ஆக, ஒரு சூரியத் துண்டைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, "சுவரைத் தொடாதே, ஆனால் அணைந்தும் போகாதே" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

சரி, ஜாக்கிரதையாகக் குழாயைப் பெரிதாகச் செய்து சுவரைக் குளிர வைத்துவிட்டால்? அதுவும் ஆகாது. உள்ளே போடுகிற உப்பு முழுக்க ஆவியாவதில்லை. மிச்சம் இருப்பது குழாயில் எந்த இடம் ரொம்பக் குளிர்ச்சியோ, அங்கே போய்க் குட்டையாகத் தேங்கும். எவ்வளவு உப்பு ஆவியாகும், அதாவது வெளிச்சம் என்ன நிறம் என்பதை, அந்தக் குளிர்ந்த மூலைதான் நிர்ணயிக்கும். நடுவில் எத்தனை ஆயிரம் டிகிரி இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஆபீஸில் மானேஜர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், ஃபைல் நகரும் வேகத்தைக் கடைசி மேஜை குமாஸ்தா நிர்ணயிப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆகவே ஆர்க் டியூப் டிசைன் என்றால் இதுதான்: ரொம்பச் சூடான இடத்தைக் கொஞ்சம் ஆற்று, ரொம்பக் குளிர்ந்த இடத்தைக் கொஞ்சம் சூடாக்கு. முனைகள்தான் பெரும்பாலும் குளிர்ந்த மூலை. அதனால்தான் அங்கே அந்த வெள்ளைப் பூச்சு. சிர்க்கோனியம் ஆக்சைடு. மார்கழிக் குளிரில் தாத்தா காதைச் சுற்றி மஃப்ளர் கட்டுவது போல, வெப்பத்தை வெளியே விடாமல் திருப்பி அனுப்பும்.

குழாயைப் படுக்க வைத்தால் இன்னொரு கூத்து. சூடான வாயு மேலே எழும்புவதால் ஆர்க் நேர்க்கோடாக நிற்காமல் வில்லாக மேல்நோக்கி வளையும். கூரைப்பக்கம் வெந்துபோகும், தரைப்பக்கம் ஆறிப்போகும். இதற்காகக் குழாயையே வில் மாதிரி வளைத்துச் செய்தவர்கள் உண்டு. பல பல்புகளில் 'நிமிர்த்தி மாட்டு', 'படுக்க வைத்து மாட்டு' என்று குறி போட்டிருப்பது இதனால்தான். நாம்தான் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறோமே!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அந்த நசுக்கிய முனை. உள்ளே டங்ஸ்டன் மின்முனைக்குக் கரன்ட் போக வேண்டும். வாயு வெளியே வரக்கூடாது. குவார்ட்ஸ் சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லலாம். உலோகமோ நன்றாக விரியும். கம்பியை நேராகச் சொருகி மூடினால் குழாய் விரிசல் விட்டுவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? மாலிப்டினம் என்ற உலோகத்தை நம் தலைமுடியைவிட மெல்லிய தகடாக, ஓரங்களை இன்னும் சீவி, அதைச் சுற்றிக் குவார்ட்ஸை இளக்கி நசுக்கினார்கள். தகடு அவ்வளவு மெல்லிசு என்பதால் விரியப் பார்த்தாலும் குவார்ட்ஸை உடைக்கிற தெம்பு அதற்கு இல்லை. பலத்தால் அல்ல, மெலிவால் ஜெயித்த கேஸ். என் போன்ற ஒல்லிகளுக்கு ஆறுதல்.

கண்ணாடியின் சம்பளம்

இப்போது நான் அலட்சியம் செய்த அந்த வெளிக்கண்ணாடிக்கு வருவோம். அதற்கு மூன்று வேலை.

ஒன்று, அந்த மாலிப்டினம் தகடு. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் ஆக்சிஜன் ஏறி உப்பி, முனையையே பிளந்துவிடும். அதனால் வெளிக்குடுவைக்குள் காற்றை எடுத்துவிட்டு வெற்றிடமாகவோ நைட்ரஜன் நிரப்பியோ வைப்பார்கள். இரண்டு, வெளிக்காற்று பட்டுக் குழாய் ஆறிவிடாமல் ஸ்வெட்டர் மாதிரி காப்பாற்றும். மூன்றாவது, எங்கள் பத்துப் பேருக்கும் சம்பந்தப்பட்டது. பாதரச ஆர்க் புற ஊதாக் கதிர்களைத் தாராளமாக வெளியிடும். குவார்ட்ஸ் அதைத் தடுக்காது. 'போய்வாருங்கள்' என்று வழி விட்டுவிடும். அந்த வெளிக்கண்ணாடிதான் தீங்கான கதிர்களை நிறுத்தி வைக்கிறது.

கொடுமை என்னவென்றால், கண்ணாடி உடைந்தாலும் உள்குழாய் உடனே சாகாது. சில மணி நேரமாவது, சமயத்தில் பல நாட்கள்கூட எரியும். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் நன்றாகவே இருக்கும். ஆகவே 'எரியுதுல்ல, விடுங்க' என்று சொல்ல ஒரு பொருளாளர் கட்டாயம் இருப்பார்.

இது எங்கள் ஊர் முட்டாள்தனம் மட்டுமில்லை. அமெரிக்காவில் பள்ளிக்கூட ஜிம்களில் பந்து பட்டுப் பல்பு உடைந்து, பிள்ளைகளுக்கும் வாத்தியார்களுக்கும் இதே கண் எரிச்சல் வந்திருக்கிறது. அங்கே 1980 முதல் சட்டம் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் 15 நிமிஷத்துக்குள் தானாக அணைந்துவிடும் பல்புக்கு 'டி' என்ற குறி. அணையாமல் எரியும் பல்புக்கு 'ஆர்' என்ற குறி, கூடவே எச்சரிக்கை வாசகம். 'டி' வகையின் சூட்சுமம் எளிமையானது. வெளிக்குடுவைக்குள் ஒரு சின்ன இழையை வைத்து, அதன் வழியாகத்தான் கரன்ட் போக வேண்டும் என்று செய்துவிடுவார்கள். கண்ணாடி உடைந்து காற்றுப் பட்டதும் இழை எரிந்து அறுந்துவிடும். காவல்காரன் விழுந்தால் சிங்கமும் விழும்.

சுவர் ஏறிக் குதிக்கும் சோடியம்

ஜவுளிக்கடை ஒன்றில் ஒரே நாளில் மாட்டிய பத்து பல்பு, ஒரு வருஷம் கழித்து ஒன்று ரோஸ், ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று பல்லிளித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்கிய மாம்பழக் கலர் புடவை வீட்டுக்குப் போனதும் வேறு கலர் ஆன மர்மத்தில் இதற்கும் பங்கு உண்டு.

காரணங்களில் ஒன்று சோடியத்தின் நழுவல். உள்குழாயிலிருந்து வரும் புற ஊதா, அதைத் தாங்கும் கம்பிச் சட்டத்தில் பட்டு எலெக்ட்ரான்களைக் கிளப்பும். அவை குழாயின் வெளிச்சுவரில் படிந்து எதிர்மின்னூட்டம் ஏற்றும். உள்ளே இருக்கும் சோடியம் அயனிக்கு நேர்மின்னூட்டம். வெளியே காதலி கூப்பிட்டால் ஹாஸ்டல் பையன் நிற்பானா? சூடான குவார்ட்ஸ் சுவருக்குள்ளேயே ஊடுருவி வெளியே போய்விடும். போன சோடியம் திரும்பாது. வெளிச்சத்தின் நிறம் மாறும். பல்பு கேட்கும் வோல்டேஜ் ஏறும். ஒரு நாள் அணைந்தே போகும். இதற்கு டிசைனர்கள் கண்ட வழி, கம்பியைக் குழாயிலிருந்து முடிந்தவரை தள்ளி, மெல்லிசாக, வெளிக்கண்ணாடி ஓரமாகக் கொண்டுபோவது. கூப்பிடும் குரலையே தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

குவார்ட்ஸே வேண்டாம் என்று போனவர்கள்தான் அடுத்த தலைமுறை. பால் நிறத்தில் ஒளி புகும் அலுமினா பீங்கான். 1950-களிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் கோபிள் என்பவர் கண்டுபிடித்தது. முதலில் மஞ்சள் சோடியம் தெருவிளக்குக்குப் பயன்பட்டது. மெட்டல் ஹாலைடுக்கு அதைக் கொண்டுவந்து 1994-ல் ஃபிலிப்ஸ் கம்பெனி விற்பனைக்கு விட்டது. பீங்கான் கூடுதல் சூடு தாங்கும். சோடியத்தை அவ்வளவு சுலபமாக வழி விடாது. அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் செய்யலாம். பல்புக்குப் பல்பு நிறம் மாறும் வியாதி பெருமளவு குறைந்தது. 1991-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரின் முன்விளக்கில் வந்த 'ஸெனான்' வெளிச்சமும் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிதான். 35 வாட். ஸெனான் வாயு இருப்பதால் போட்டவுடன் வெளிச்சம் தரும். கார் ஹெட்லைட் பத்து நிமிஷம் யோசித்து எரிந்தால் என்ன ஆகும்?

34 நிமிஷ இருட்டு

பெரிய பல்புகளுக்கு அந்த யோசனைதான் பெரும் வியாதி. கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் உடனே எரியாது. சூடான குழாய்க்குள் அழுத்தம் அதிகம். சாதாரணமாக ஸ்டார்ட் செய்யும் சில ஆயிரம் வோல்ட் அதைத் துளைத்துப் பாயாது. ஆறி, அழுத்தம் இறங்கிய பிறகுதான் மறுபடி பற்றும். பத்து, பதினைந்து நிமிஷம். 2012-ல் எங்கள் போட்டியில் இது செட்டுக்கு ஒரு தடவை நடந்தது. மைக்காரர் அந்த இடைவெளியில் நன்கொடையாளர் பட்டியலை மூன்று முறை படித்தார்.

அடுத்த வருஷமே அமெரிக்காவுக்கும் இது நடந்தது. 2013 பிப்ரவரி 3. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் சூப்பர் பவுல். பால்டிமோர் அணி 28-6 என்று முன்னிலையில் இருக்க, பாதி ஸ்டேடியத்தில் மின்சாரம் போனது. ஒரு ரிலே கருவியின் கோளாறு. கரன்ட் வந்த பிறகும் அந்த மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஆறி எரிந்தால்தானே? உலகமே பார்க்க 34 நிமிஷம் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கியதும் எதிரணி விளாசித் தள்ளி 34-31 வரை வந்துதான் தோற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அவர்களிடம் ஜெனரேட்டர் பையன் இல்லையே.

வரவு செலவு

ஒரு பொருளாளராகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 400 வாட் பல்பில் நூறு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாறும். மீதி வெப்பமும் புற ஊதாவும். ஆனாலும் அதே 400 வாட்டுக்குப் பழைய குண்டு பல்பு தருவதைப் போல ஆறு மடங்கு வெளிச்சம். அதனால்தான் அது நாற்பது, ஐம்பது வருஷம் உலகத்து மைதானங்களை ஆண்டது. இப்போது எல்.ஈ.டி. வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் பழைய பல்புகள் இன்னும் குடோன்களிலும் சின்ன ஊர் கிரவுண்டுகளிலும் எரிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஆபீஸ் டோர்னமென்ட்டும் அதன் கீழே நடக்கலாம். ஆகவே மூன்று விஷயம்.

கண்ணாடி உடைந்த பல்பு எரிந்தால், ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஸ்விட்சை அணையுங்கள். அடியில் இருந்தவர்களை வெளியேற்றுங்கள். ராத்திரி கண் உறுத்தினால் பாட்டியிடம் போகாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

வயதான குழாய் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதும் உண்டு. சிதறும் துண்டு ஆயிரம் டிகிரிச் சூட்டில் இருக்கும். ஃபோகஸ் லைட்டின் முன்கண்ணாடி அதற்குத்தான். அழகுக்கு இல்லை.

ராப்பகலாக எரியும் குடோன் விளக்கை வாரம் ஒரு தடவை கால் மணி நேரமாவது அணைத்துப் போடுங்கள். பலவீனமான குழாய், எரியும்போது வெடிப்பதற்குப் பதில், மறுபடி பற்றாமல் அடங்கிப் போக ஒரு வாய்ப்பு. நிறம் மாறித் தடுமாறும் பல்பை அணைந்து போகட்டும் என்று காத்திராமல் மாற்றுங்கள்.

அந்தப் போட்டியின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பல்பு மாற்றாததால் மிச்சம்' என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதினால் எதிர்ப்பக்கத்தில் ஒரு பையனின் ஒரு வருஷத்தை எழுத வேண்டும். அதற்கு டபுள் என்ட்ரியில் தலைப்பு கிடையாது.

அவன் அடுத்த வருஷம் மறுபடி எழுதினான். கிடைக்கவில்லை. அதற்கும் அடுத்த வருஷம்தான் கிடைத்தது. இப்போது வெளியூரில் ஒரு பேங்க் கிளையில் ஆபீஸர். கிரவுண்டில் எல்.ஈ.டி. மாட்டிய பிறகும், ஒவ்வொரு மே மாதமும் போட்டிக்கு முதல் நாள் தவறாமல் போன் பண்ணுவான்.

"என்னண்ணே, லைட்டெல்லாம் எரியுதா?"

"எரியுது தம்பி."

"எரியுதுன்னா போதுமாண்ணே? மேலே ஏறிப் பாத்தீங்களா?"

ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன்.